ரப்பராகக் கரையும் ரூபாய்

பந்தயக் களத்தில் ஒரு நாள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் அமெச்சூர்களுக்கு வேகத்தைவிடப் பெரிய கவலை டயர்.

காலை ஏழு மணி. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயக் களத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. நேற்றுவரை அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்த கார்கள்தாம். உரிமையாளர்கள் டிக்கியைத் திறந்து ஜாக்கி, குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை என்று எல்லாவற்றையும் தரையில் இறக்கிவைக்கிறார்கள். திருப்பத்தில் உருண்டுவந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து முன்பக்க இடது டயரைத் தடவிப் பார்க்கிறார்கள். களம் வலஞ்சுழியாக ஓடுவது. பெரும்பாலும் வலது பக்கம் திரும்பும் காரின் பாரம் முழுவதும் அந்த ஒரு டயரின்மேல்தான் சாயும்.

இதற்கு ‘டிராக் டே’ என்று பெயர். பந்தயம் அல்ல. கோப்பை கிடையாது, பரிசு கிடையாது, பெரும்பாலும் நேரம் குறிப்பதும் கிடையாது. (செல்போனில் திருட்டுத்தனமாகக் குறிக்காதவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.) ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம், இருபது நிமிடம் என்று முறைவைத்து ஓட்டுவார்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு வழிவிட்ட பிறகே. பொதுச்சாலையில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். ஆகவே காரின் முழு வேகத்தையும் அறிய ஆசைப்படுகிற சாமானியனுக்கு யோக்கியமான வழி இது ஒன்றே.

இடங்கள்தான் குறைவு. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நாட்டின் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தது. 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ‘ஃபார்முலா மாருதி’ கார்களை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரில் அமைந்த களம் அது. வடக்கே புத் களம் 2011-ல் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்தது, மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார், அதோடு சரி. உலக வீரர்கள் பறந்த அதே 5 கி.மீ. பாதையில் இன்று குடும்பக் கார் ஓடுகிறது என்பதே பலரை இழுக்கும் கவர்ச்சி.

களத்தை ஒரு தனிமனிதர் வாடகைக்கு எடுப்பது நடக்கிற காரியமல்ல. அங்கேதான் கிளப் வருகிறது. வாடகை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கொடி காட்டும் மார்ஷல்கள் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் வந்தால் தலைக்கு 15,000. 20 பேர்தான் வந்தார்கள் என்றால் 30,000. பெயர் கொடுத்துவிட்டு முந்தின நாள் ‘மாமியாருக்கு உடம்பு சரியில்லை’ என்று நழுவும் நாலு பேரால் மற்றவர்கள் பாக்கெட் கிழிகிறது. முன்பணம் கட்டியவர் பாடு இன்னும் மோசம். நட்பு வாட்டத்தில் தொடங்கிய குழுக்கள் ‘பணம் திரும்பக் கிடையாது’ என்று எழுத்தில் போட்டுக்கொள்வது இப்படிப் பட்ட பிறகுதான்.

இந்தத் தொகையாவது முன்கூட்டியே தெரிந்தது. டயர் விவகாரம் அப்படியல்ல.

சாலையில் 40,000 கி.மீ. உழைக்கும் டயர், களத்தில் சில நூறு கிலோமீட்டரிலேயே ஓரம் தேய்ந்துவிடும். நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்டயர்களே. வேகமாகத் திரும்பும்போது கார் சாய, டயர் தன் நடுப்பகுதியை விட்டுத் தோள்பட்டையில் நடக்கிறது. ஆழமான பள்ளங்கள் கொண்ட புது டயரின் ரப்பர்க் கட்டிகள் நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடுவதும் உண்டு. மழைக்காக வடிவமைத்த பள்ளமே வெயிலில் எதிரி.

கணக்குப் பார்க்கலாம். டயர் ஒன்று 6,000 ரூபாய். முன்டயர்கள் இரண்டும் இரண்டு நாள் ஓட்டத்தில், அதாவது சுமார் 300 கி.மீட்டரில், தீர்ந்துபோனால் கிலோமீட்டருக்கு 40 ரூபாய். புத் களத்தில் ஒரு சுற்றுக்கு 200 ரூபாய் ரப்பர்! லிட்டருக்கு 5 கி.மீ. கொடுத்தால்கூடப் பெட்ரோல் செலவு அதில் பாதிதான். நன்றாகப் பிடிக்கும் மென்மையான டயருக்கு மாறினால் விலை கூடும், ஆயுள் குறையும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் வெளிநாட்டு ரகங்கள் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது சற்று ஆறுதல்.

செலவைத் தாங்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். முன்டயரையும் பின்டயரையும் மாற்றிப்போடுவது எல்லோரும் செய்வது. ஒரே அளவு டயர் தேவைப்படுகிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் இறங்கிவருவார். ஐந்து சுற்று வேகமாக ஓடினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுவது இன்னொன்று. உண்மையான சிக்கனம் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. டயர் கிறீச்சிடுவதைக் கேட்டு மகிழ்கிறவர் தன் பணம் கத்துவதைத்தான் கேட்கிறார்.

வேறொரு வழியும் உண்டு. வேகமாக ஓட்டும் சீனியர் கழற்றிய பாதி டயரைப் புதியவர் மலிவாக வாங்கிப் போடுவது. இங்கேதான் கிளப்பின் யோக்கியதை தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிவிடும், பிடிக்காது. அதைப் பார்த்து ‘இந்தக் கார் உள்ளே போகாது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். 15,000 ரூபாய் கட்டி, ராத்திரி முழுக்க ஜெய்ப்பூரிலிருந்து ஓட்டிவந்த நண்பனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது லேசல்ல. ஆகவே பல இடங்களில் சோதனை என்பது தாளில் ஒரு டிக்.

இத்தனைக்கும் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற வரி இருக்கிறது. கார் தடுப்பில் மோதினால் நஷ்டம் சொந்தக் கணக்கு. தடுப்பைச் சரிசெய்யும் செலவும் மோதியவர் தலையில் விழக்கூடும்.

மாலையில் இன்னொரு கண்டம். 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. அடைத்த டயர் 80 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 37-ஐத் தொடும். பிடிமானம் கெடும். அதனால் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் காற்றை இறக்கி, சூட்டிலேயே 32-க்குக் கொண்டுவருகிறார்கள். அது ஆறினால் 25. அந்தக் காற்றோடு, ஓரம் தேய்ந்த டயரோடு, வெளியே வந்து ஏறுவது யமுனா எக்ஸ்பிரஸ்வேயில். கோடையில் டயர் வெடிப்புக்குப் பேர்போன கான்கிரீட் சாலை.

ஐந்து மணிக்குக் கொடி காட்டி முடித்ததும் ஜாக்கியும் ஸ்டெப்னியும் பொம்மையும் மறுபடி டிக்கிக்குள் போகின்றன. எல்லோருக்கும் வீடு போகும் அவசரம். காற்றடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நீண்ட வரிசை. கிளப்பைச் சேர்ந்த ஒருவர் கையில் அழுத்தமானியோடு குந்தி உட்கார்ந்திருக்கிறார். வரிசையைப் பார்த்துவிட்டு, வழியில் ஏதாவது பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கார்கள் வாசலை நோக்கித் திரும்புகின்றன. அவர் எழுந்து கையைக் காட்டி நிறுத்துகிறார்.