ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல! பாக்கெட்டில் 'கிராம்' பார்த்து வாங்குங்க

மளிகை கடையில் எண்ணெய் பாக்கெட் வாங்கும்போது விலையை பார்க்கிறோம், கம்பெனி பெயரை பார்க்கிறோம். ஆனால் பொடி எழுத்தில் இருக்கும் 'கிராம்' கணக்கை பலரும் பார்ப்பதில்லை. கையை கடிப்பது அங்கேதான்.

"ஒரு லிட்டர்னா ஒரு கிலோதானே" என்று நினைப்பவர்கள் ஏராளம். தண்ணீருக்கு அது சரி. எண்ணெய்க்கு சரிப்படாது. எண்ணெய் தண்ணீரை விட லேசானது. அதனால்தான் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் ஒரு லிட்டரை தராசில் வைத்தால் சுமார் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும்.

10 ரூபாய் குறைவு, ஆனால் நஷ்டம்

கடைகளில் 910 கிராம் பாக்கெட்டும் இருக்கு. பார்க்க கிட்டத்தட்ட அதே சைசில் 850, 810, 750 கிராம் பாக்கெட்டுகளும் இருக்கு. இதில் 750 கிராம் என்பது சுமார் 820 மில்லிதான்.

உதாரணத்துக்கு, 910 கிராம் பாக்கெட் 150 ரூபாய், 810 கிராம் பாக்கெட் 140 ரூபாய் என்று வையுங்கள். 10 ரூபாய் மிச்சம் என்று இரண்டாவதை எடுப்போம். கணக்கு போட்டால், அந்த விலையில் 910 கிராம் எண்ணெய்க்கு 157 ரூபாய் ஆகிறது. மிச்சம் இல்லை, 7 ரூபாய் நஷ்டம்!

சூடு ஏறினால் எடை குறையும்

எண்ணெய் சூட்டில் விரியும். 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் சுமார் 919 கிராம். 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் சுமார் 893 கிராம்தான். அதிக வெப்பநிலையை போட்டு லிட்டர் கணக்கு காட்டினால் எண்ணெய் குறைவாகத்தான் இருக்கும்.

இதனால், வெப்பநிலையை குறிப்பிடாமல் லிட்டர் அளவை அச்சிட வேண்டும், கூடவே எடையையும் போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத்துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. 2023 ஜனவரி 15-க்குள் லேபிளை திருத்தவும் கெடு கொடுத்தது.

செக்கு எண்ணெய் வாங்குறீங்களா?

செக்கு எண்ணெய் வாங்கும்போது "விலை கிலோவுக்கா, லிட்டருக்கா?" என்று முதலில் கேளுங்கள். கிலோ 300 ரூபாய் என்றால் லிட்டர் 273 ரூபாய்தான் வரும். கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் குவளையில் அளந்து ஊற்றினால் உங்களுக்கு 27 ரூபாய் போச்சு.

கணக்கு சுலபம். லிட்டரை 910-ஆல் பெருக்கினால் கிராம். ஒரு கிலோ எண்ணெய் என்றால் சுமார் 1,100 மில்லி.

தேனுக்கு கதை தலைகீழ். அது தண்ணீரை விட கனம். ஒரு கிலோ தேன் சுமார் 700 மில்லிதான் இருக்கும். பாட்டில் சின்னதா இருக்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்கு போக வேண்டாம்.

எங்கே புகார் செய்வது?

அளவு குவளையிலும், தராசிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும். அளவில் சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். பில்லை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.