மினமாட்டா விரிகுடாவும் பாதரச விஷமும்

விரிகுடாவில் நேர்ந்த விபரீதம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஷிரானுயி என்னும் உள்கடலை ஒட்டிய மினமாட்டா என்ற ஊரில், சிஸ்ஸோ கம்பெனியின் இரசாயனத் தொழிற்சாலை 1932-ஆம் ஆண்டில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கி, அதற்குக் கிரியாஊக்கியாகப் பாதரசத்தைப் பயன்படுத்தி, மிஞ்சிய கழிவுநீரை ஆண்டுக்கணக்காக விரிகுடாவிலேயே விட்டுவந்தது. 1950-களில் அங்கே மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. செம்படவர் வீட்டுப் பூனைகள் வெறிகொண்டு சுழன்றாடி மாண்டதைக் கண்ட ஜனங்கள், அதைப் பூனையாட்ட நோய் என்றே அழைத்தார்கள். 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் இயலாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கம்பெனியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரப்பட, சில தினங்களில் அவள் தங்கையும் அதே நிலையில் வந்துசேர்ந்தாள். ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் ஹாஜிமே ஹோசோகாவா, காரணம் தெரியாத மூளை நோய் பரவுகிறதென்று மே 1-ஆம் தேதி சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தார்.

விஷம் பெருகும் வழி

சமுத்திரம் பெரிது, அதில் எதைக் கொட்டினாலும் கரைந்து மறைந்துபோகும் என்ற நம்பிக்கைதான் இவ்விஷயத்தில் எல்லாத் தீங்குக்கும் மூலமென்று நான் கருதுகிறேன். கழிவிலிருந்த, பாதரசத்தின் கரிமச் சேர்மமான மெத்தில் பாதரசத்தை நுண்ணுயிர்கள் ஏற்க, அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களைப் பெருமீன்களும் தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் விஷம் செறிந்துகொண்டே போய், நீரில் உள்ளதைப்போல் பல இலட்சம் மடங்கு மீனின் தசையில் சேர்ந்துவிடுகிறது. தசையின் புரதத்தோடு பிணைந்துவிடுவதால், கழுவினாலும் பொரித்தாலும் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது நீங்குவதில்லை. விஷமேறிய மீனில் நாற்றமோ நிறமாற்றமோ தோன்றுவதுமில்லை. மனித உடலில் புகுந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதகாலம் பிடிக்குமாதலால், தினந்தோறும் மீன் உண்பவருக்கு வரவு செலவை மிஞ்சிவிடுகிறது. முதலில் கைகால் விரல்களும் வாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போகும். பிறகு பார்வைப் பரப்பு சுருங்கும், நடை தள்ளாடும், நாக்கு குழறும், காது மந்தப்படும். நோய் முற்றினால் வலிப்பு கண்டு உயிரே போகும். சிதைந்த மூளைத் திசுவை மீண்டும் தழைக்கச் செய்யும் மருந்து இல்லை.

மறைக்கப்பட்ட பரிசோதனை

1958-இல் கம்பெனி தன் கழிவுவாயை விரிகுடாவிலிருந்து ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்ற, அதுவரை நோயறியாத கரைகளிலும் நோய் பரவிற்று. மறு ஆண்டு குமமோட்டோ சர்வகலாசாலை அறிஞர்கள் கரிமப் பாதரசமே காரணமென்று கூறினர். அதே சமயம் ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவுநீரை உணவில் கலந்து பூனையொன்றுக்குக் கொடுத்துவந்தார். 400 என்று எண்ணிடப்பட்ட அப்பூனை, அக்டோபரில் அதே நோய்க்குறிகளோடு தள்ளாடி விழுந்தது. கம்பெனி நிர்வாகம் அம்முடிவை வெளியிடாமல் மறைத்ததோடு, ஆண்டு முடியுமுன்னரே நோயாளிகளுக்கு அற்ப அனுதாபத் தொகை தந்து, பின்னால் காரணம் நிரூபணமானாலும் மேற்கொண்டு நஷ்டஈடு கேட்பதில்லை என்ற நிபந்தனையில் கையொப்பமும் வாங்கிற்று. அப்போது கட்டிய சுத்திகரிப்புச் சாதனமோ மெத்தில் பாதரசத்தை நீக்கவில்லை. கழிவு நின்றது 1968 மே மாதத்தில். அதுவும் பாதரசங்கொண்டு அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் முறை பழமைப்பட்டுக் கைவிடப்பட்டதனால். செப்டம்பரில்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. நோயாளிகள் தொடுத்த வழக்கில் ஹோசோகாவா 1970-இல், நோயுற்றுப் படுத்திருந்த படுக்கையிலேயே, அப்பூனையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். மறைத்த ஒரு முடிவினால் எத்தனை குடும்பங்கள் அந்த இடைக்காலத்தில் அதே மீனை உண்டன என்று நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

கருவறைக்குள்

நஞ்சுக்கொடி தாயின் விஷத்தைச் சிசுவுக்குச் செல்லவிடாமல் தடுத்துவிடும் என்றே அந்நாளைய வைத்தியர்கள் நம்பினார்கள். ஆனால் மெத்தில் பாதரசம் அதைத் தாராளமாகக் கடக்கக்கூடியது. தாய்மார் பலர் இலேசான குறிகளோடு தப்ப, அவர்கள் வயிற்றில் வளர்ந்த குழந்தைகள் தலை நிற்காமலும், பேச்சு வராமலும், கைகால் முறுக்கிக்கொண்டும் அவதிப்பட்டார்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பேழையில் வைத்துக் காப்பது ஜப்பானியர் வழக்கம். நம் வீடுகளில் தாயத்துக்குள் அடைத்துக் கட்டுகிறோமே, ஏறக்குறைய அது போன்றதுதான். டாக்டர் மசசுமி ஹராடா அவற்றைத் திரட்டிச் சோதித்தபோது, ஆண்டுகள் பல கழிந்தும் பாதரசம் அவற்றில் அழியாமல் இருந்தது.

உண்பவரும் கேட்பவரும்

இதைப் படித்து மீனையே விலக்கிவிடலாகாது. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு, சத்தோ மிகுதி. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீன் முதலிய பெரும் வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நலம். ஆலைக்கழிவு கலக்கும் கரையோரத்து மீனை வழக்கமாக உண்பவர்களுக்குக் கைகால் மரத்துப்போதலோ நடைத் தடுமாற்றமோ நீடிக்குமானால், வைத்தியரிடம் தாம் உண்ணும் மீனைப் பற்றியும் சொல்லி, இரத்தத்திலோ தலைமயிரிலோ பாதரச அளவைச் சோதிக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் உண்பவரின் எச்சரிக்கை மட்டும் போதாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை மினமாட்டாவின் பெயராலேயே 2017-இல் அமலுக்கு வந்திருக்கிறது. கழிவுநீரில் என்னென்ன பொருள் எத்தனை அளவு இருக்கிறது, அடிச்சேற்றிலும் மீனிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பவற்றை ஆலைக்குக் கட்டுப்படாதவர்கள் அடிக்கடி அளந்து, அக்கணக்கைக் கரையோர மக்கள் படிக்கும்படி அவர்கள் பாஷையிலேயே வெளியிட வேண்டுமென்று ஒவ்வொரு கடற்கரை ஊரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.