உங்களுக்குத் தெரியுமா? முதல் பெண் ரப்பியை மீட்டுத் தந்த ஆவணக் கட்டு

● யூத சமயத்தையும் வரலாற்றையும் ஆய்வு நோக்கில் கற்பிக்கும் உயர்கல்லூரி ஒன்று 1872இல் பெர்லினில் தொடங்கியது. எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவும் 1923இல் அங்கே வகுப்புகளுக்குச் சென்றிருக்கிறார்.

● அதன் மாணவி ரெஜினா யோனாஸ், ‘பெண் ரப்பி (யூத மதகுரு) ஆகலாமா?’ என்ற கேள்வியை யூதச் சட்ட நூல்களின் வழியே ஆராய்ந்து 1930இல் ஆய்வேடு அளித்தார். ‘ஆகலாம்’ என்பது அவர் கண்ட முடிவு. கல்லூரியோ சமய ஆசிரியருக்கான தகுதியை மட்டுமே தந்தது.

● 1935இல் ரப்பி மாக்ஸ் டீனமான் அவரைத் தனியாகச் சோதித்து ரப்பியாக அங்கீகரித்தார். உலகில் இத்தகுதியை முறைப்படி பெற்ற முதல் பெண் அவர்.

● 1942இல் நாஜி அரசு கல்லூரியை மூடியது. அதே ஆண்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்ட யோனாஸ், 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

● பெர்லின் சுவர் வீழ்ந்தபின் கிழக்கு ஜெர்மனியின் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. 1991இல் யோனாஸின் ஆய்வேடும் சான்றிதழ்களும் அவற்றில் கிடைத்தன. அதுவரை, 1972இல் ரப்பியான அமெரிக்கர் சாலி பிரீசாண்ட்தான் முதல் பெண் ரப்பி என்று பலரும் நம்பியிருந்தார்கள்!