கார்த்திகை எங்கே நின்றது?
வானத்தைப் பார்த்துப் பாட்டுக்குத் தேதி சொன்ன தமிழர்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் முருகன் கோவில் கொண்டிருக்கிறான். அவனைப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர் வானத்தில் நட்சத்திரக் கூட்டமாக விளங்குகிறார்கள் என்பது புராணம்.

அதே மலைத்தொடரின் மேலே, 2,300 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1899-ல் ஏற்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து, தேதி குறித்துச் சேர்த்து வருகிறார்கள்.

படத்தில் தேதி இருக்கிறது. ஆனால் தேதி இல்லாத பழைய பாட்டு ஒன்று வானக் காட்சியை மட்டும் சொன்னால்? அதிலிருந்து காலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கணக்குப் புலி

முடியும் என்றார் ஒரு தமிழர். அவர்தான் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையின் தலைவராக விளங்கியவர். 1925-ல் காலமானார்.

கோடைக்கானலில் எவர்ஷெட் துரை சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இவர் பழைய பஞ்சாங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதி, வாரம், நட்சத்திரம் கணித்து 1922-ல் வெளியிட்டார். கல்வெட்டுகளின் தேதியைச் சரிபார்க்க அது பெருந்துணை ஆயிற்று.

பரிபாடலில் கிரகங்கள்

1918-ல் உ.வே. சாமிநாதையர் பரிபாடலை அச்சிட்டார். அதன் பதினோராம் பாட்டு வையைப் புதுவெள்ளத்தைப் பற்றியது. அதில் கிரக நிலை வருகிறது. வெள்ளி ரிஷபத்தில், செவ்வாய் மேஷத்தில், புதன் மிதுனத்தில், வியாழன் மீனத்தில், சனி தனுசைக் கடந்து மகரத்தை நெருங்குகிறது. விடியற்காலை, கார்த்திகை உயர நிற்கிறது. சந்திர கிரகணமும் உண்டு!

சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணக்குப் போட்டார். கி.பி. 634, ஜூன் 17 என்றார்.

தமிழ் உலகம் திகைத்தது. அப்பர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டிலா சங்கப் பாட்டு? சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்குச் சொல்லப்படும் ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்ற குறிப்புகளைக் கொண்டு அவர் 756-ஆம் ஆண்டு என்றும் கணித்தார். அறிஞர் பலர் இந்தத் தேதிகளை ஏற்கவில்லை.

சிக்கல் எங்கே?

கார்த்திகை “உயர” நிற்பது என்றால் என்ன? நடு உச்சியிலா?

விடியலில் கார்த்திகை உச்சியில் நின்றால் சூரியன் சிம்மத்தில் இருக்க வேண்டும். அதாவது ஆவணி மாதம். ஆனால் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. சிம்மத்துக்கும் மிதுனத்துக்கும் நடுவே கடகம் முழுதாக 30 பாகை கிடக்கிறது. ஆகவே ஆவணியில் புதன் மிதுனத்தில் இருக்கவே முடியாது!

ஜூனில் சூரியன் மிதுனத்தில் இருக்கும். அப்போது புதன் சரியாக அமையும். ஆனால் கார்த்திகை பாதி வானம்தான் ஏறியிருக்கும். அதை “உயர” என்று சொல்லலாமா? ஒரே ஒரு சொல்லில் தேதி தொங்குகிறது.

ஹோமருக்கும் இதே கதி

கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசியிலும் இதே வழக்கு. வீரன் யுலிஸிஸ் ஊர் திரும்பி எதிரிகளை வதைக்கும் நாளில் சூரியன் மறைந்ததாக ஒரு குறிசொல்லி கூறுகிறான். அது கி.மு. 1178, ஏப்ரல் 16-ல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணம் என்று 1926-ல் ஷோக் என்ற ஜெர்மானியர் சொன்னார். 2008-ல் மாக்னாஸ்கோ, பைக்கூஸிஸ் என்ற இருவர், வெள்ளி முதலிய மற்றக் குறிகளையும் சேர்த்து அதே நாளைக் காட்டினார்கள். அந்தக் குறிகளில் யுலிஸிஸ் கடலில் வழி பார்த்த நட்சத்திரக் கூட்டமும் ஒன்று. அது வேறு எதுவுமல்ல, நம் கார்த்திகைதான்!

ஆனால் குறிசொல்லி கண்டது கிரகணமா, கெட்ட காலத்தின் அடையாளமா? அங்கேயும் தகராறு சொல்லைப் பற்றித்தான்.

நீங்களே பார்க்கலாம்

ஆனி மாதக் கடைசியில், மேகமில்லாத ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கே பாருங்கள். கார்த்திகை பாதி உயரத்தில் இருக்கும். ஆவணியில் மறுபடி பாருங்கள். உச்சியை ஒட்டி நிற்கும்.

இந்த இரண்டில் புலவர் பாடியது எது? கிரகங்களின் கணக்கை யாரும் போடலாம். “உயர” என்ற சொல்லுக்குப் பொருள் முடிவு செய்யும் வேலை தமிழ் அறிந்தவர்களுக்கே உரியது.