கலர் தோசை வேணுமா? கேசரிப் பவுடரைத் தள்ளி வையுங்க!

"டாக்டர், அரையாண்டு லீவு விட்டாச்சு. வீட்ல ரெண்டு வாண்டுங்க. ஒண்ணு சிவப்பு தோசை கேக்குது, இன்னொண்ணு பச்சை தோசை கேக்குது. போன்ல ஏதோ பான்கேக்காம்... கிறிஸ்துமஸுக்கு கலர் கலரா சுடுறாங்களாம். அதே மாதிரி வேணுமாம். மளிகைக் கடையில கலர் பவுடர் விக்குது. ஒரு சிட்டிகைதானே, போட்டா என்ன ஆயிடும்?"

மருந்து வாங்க வந்த ஒரு தாய் கேட்டது இது. மார்கழி பிறந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டால், இதே கேள்வியோடு நாலு பேராவது வருகிறார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாகப் பண்டிகை. வீடு நிறையப் பிள்ளைகள். கேட்கத்தான் செய்வார்கள்.

பான்கேக் என்றதும் மிரள வேண்டாம். கரைத்த மாவைச் சூடான கல்லில் ஊற்றிச் சுடுவதுதான் அது. மைதா, முட்டை, பால் போட்டு அவர்கள் சுடுகிறார்கள். அரிசி, உளுந்து அரைத்துப் புளிக்க வைத்து நாம் சுடுகிறோம். குழந்தையின் வயிற்றுக்கு எது இதம் என்று என்னைக் கேட்டால் நம்ம தோசைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கலரும் தாராளமாகச் சேர்க்கலாம். அந்தக் கலர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பஞ்சு மிட்டாய் ஞாபகம் இருக்கிறதா?

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அடுத்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. காரணம் ரோடமின்-பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. சாப்பாட்டில் அதற்கு இடமே இல்லை. ஆனாலும் பளிச்சென்ற ரோஸ் நிறத்துக்காகவும், விலை மலிவு என்பதற்காகவும் பிள்ளைகள் தின்கிற பண்டத்தில் கலந்துவிட்டார்கள்.

"அது கள்ளச் சாயம் டாக்டர். நான் வாங்குறது அனுமதிச்ச கலர்தானே?" என்பீர்கள். சரி. நம் நாட்டில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டு. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், எரித்ரோசின் என்று போகும் அந்தப் பட்டியல். இவற்றையும் கண்ட பண்டத்தில் போட முடியாது. குறிப்பிட்ட சில பண்டங்களில் மட்டும்தான் சேர்க்கலாம். அதுவும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இப்போது சொல்லுங்கள், உங்கள் வீட்டு 'ஒரு சிட்டிகை' எத்தனை மில்லிகிராம்? தராசு வைத்தா போடுகிறோம்? மாவு வெளிறித் தெரிந்தால் இன்னொரு சிட்டிகை. அப்படித்தானே நடக்கிறது?

2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்ட நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகளிடம் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கூடின. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு 2010 முதல், அந்த ஆறு நிறங்களில் எதைப் போட்டாலும் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் அச்சடிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளில் விதி வந்தது. எரித்ரோசினுக்கு உணவில் இருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. வீட்டில் நாமே சுடுகிற தோசைக்கு இந்த வம்பு எதற்கு?

ஆரத்தித் தட்டும் ஆப்ப சோடாவும்

அடுப்படியில் இருக்கிற முதல் கலர் மஞ்சள். ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் மஞ்சள் தூள் போதும். கூட ஒரு சிட்டிகை மிளகுத் தூள், சுடும்போது கொஞ்சம் நெய். மஞ்சளின் சத்து எண்ணெய்ப் பசையில்தான் கரையும். மிளகு சேர்ந்தால் அதை உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும். நம் பாட்டிகள் மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டது சும்மா இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, குணபாட வகுப்பில் ஆசிரியர் மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டுக் காட்டினார். இரத்தச் சிவப்பாகிவிட்டது. "என்னய்யா முழிக்கிறீங்க? உங்க வீட்ல ஆரத்தி சுத்துனதே இல்லையா?" என்றார். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும். அவ்வளவுதான் ரகசியம்.

தோசைக்கு இது எப்படி உதவும்? மார்கழிக் குளிரில் மாவு சரியாகப் பொங்காது. உடனே நம் கை ஆப்ப சோடாவைத் தேடும். சோடாவும் காரம்தானே! சோடா கூடிப்போன மாவில் மஞ்சளைப் போட்டால் அது செங்கல் நிறத்துக்குத் திரும்பிவிடும். "மஞ்சள்ல ஏதோ கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். போதாததற்கு, மாவில் இருக்கிற தயாமின் என்ற பி வைட்டமினையும் சோடா கெடுத்துவிடும். குளிர் நாளில் மாவுப் பாத்திரத்தை அடுப்பு மேடை ஓரமாக வையுங்கள், கூடுதலாக நாலைந்து மணி நேரம் விடுங்கள். தானாகப் பொங்கும்.

கலப்படமே இல்லை என்றும் சொல்லவில்லை. மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற, ஈயம் கலந்த லெட் குரோமேட் சாயத்தைப் பூசுவது வங்கதேசத்தில் 2019-ல் வெளியான ஆய்வில் அம்பலமானது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால் விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். ரொம்பவும் பளபளக்கிற கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம்

சிவப்புக்கு பீட்ரூட். பாதிக் கிழங்கைத் துருவி, தண்ணீர் விடாமல் அரைத்துப் பிழிந்தால் மூன்று டேபிள்ஸ்பூன் சாறு வரும். ஒரு கப் மாவுக்கு அது போதும். இந்த நிறத்துக்குப் புளிப்பு பிடிக்கும். ஆகவே புளித்த தோசை மாவில் அழகாக நிற்கும். பிடிக்காதது சூடு. தீயைக் கூட்டினால் பழுப்பாகிவிடும். சிறு தீயில் வைத்து, ஊத்தப்பம் போல மூடி போட்டு, திருப்பாமல் எடுங்கள். மேல்பக்கம் ரோஜாப்பூ மாதிரி இருக்கும். சாறு விட்டதால் மாவு நீர்த்துப்போனால் ஒரு ஸ்பூன் அரிசி மாவு கலந்துகொள்ளலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். மலமும் சிவக்கலாம். "ஐயோ, ரத்தம் போகுது டாக்டர்" என்று விடியற்காலையில் கதவைத் தட்டியவர்கள் உண்டு. அது பீட்ரூட்டின் சாயம்தான். ஓரிரு நாளில் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, பீட்ரூட்டே சாப்பிடாமல் சிவப்பாகப் போனாலோ உடனே பரிசோதிக்க வேண்டும். இன்னொரு விஷயம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் இந்தச் சிவப்பு கூடுதலாகத் தெரிவதுண்டு. ஒவ்வொரு தடவையும் இப்படி ஆனால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கல் உள்ள வீட்டில் பீட்ரூட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு நிறத்துக்கு கேரட், இல்லை பரங்கிக்காய். வேகவைத்து மசித்துக் கலக்க வேண்டியதுதான். கேரட்டை மாதக் கணக்கில் தினமும் நிறையக் கொடுத்தால் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளிக்கும். காமாலை என்று பயந்து கீழாநெல்லியைத் தேடி ஓடாதீர்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கேரட்டைக் குறைத்தால் போதும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பச்சையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புளித்த மாவில் கீரையை அரைத்துக் கலந்தால், கல்லில் போட்டதும் பாசி பிடித்த நிறமாகிவிடும். குழந்தை மூஞ்சியைச் சுளிக்கும். கீரையின் பச்சைக்கும் புளிப்புக்கும் ஒத்துவராது. இதற்கு ஆந்திரா வழி இருக்கிறது, அதுதான் பெசரட்டு. ஒரு கப் பச்சைப் பயறு, ஒரு கைப்பிடி பச்சரிசி ஆறு மணி நேரம் ஊறட்டும். ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, பத்துப் பதினைந்து முருங்கை இலை சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வைக்கவே வேண்டாம். நிறமும் நிற்கும், பயறின் புரதமும் சேரும். பனிக்காலச் சளிக்கு இஞ்சியும் இதம்.

நீலம் கேட்டால்? வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூதான், காக்கட்டான் என்று நாங்கள் மருந்துக்குச் சொல்வது. மலேசியாவில் கிளந்தான் பக்கம் இந்தப் பூவின் சாற்றில் சோற்றையே நீலமாக வடிக்கிறார்கள். பத்துப் பூவின் இதழ்களை அரை கப் வெந்நீரில் போட்டால் சாறு இறங்கும். அதில் அரிசி மாவையும் கொஞ்சம் தேங்காய்ப் பாலையும் கரைத்துச் சுட்டால் நீல தோசை. மிச்சச் சாற்றில் எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். பிள்ளைகள் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். அன்று முழுக்க வீடு அமளிப்படும், அதற்கு நான் பொறுப்பில்லை! இதழை மட்டும் எடுக்க வேண்டும். காக்கட்டான் விதையும் வேரும் பேதிக்கான சரக்கு. பிள்ளை கையில் காய் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடித்த செடியும் வேண்டாம்.

வாண்டுகளுக்கு என்ன வேலை?

தயவுசெய்து, எல்லாவற்றையும் நீங்களே செய்து தட்டில் வைக்காதீர்கள். காயைத் தொடாத பிள்ளை, தான் அரைத்துக் கலந்த காயை ஒரு வாய் தின்றுபார்க்கும். ஒரு காய் பிடித்துப்போக எட்டு, பத்துத் தடவைகூட அதை ருசி பார்க்க வேண்டியிருக்கும். பண்டிகை நாளின் விளையாட்டில் அதில் நாலு தடவை கழிந்துவிடும். ஆனால் ஒரு தோசையில் போகிற பீட்ரூட் கொஞ்சம்தான். 'கலர் தோசை தின்னாச்சு, இனி பொரியல் வேண்டாம்' என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

நாலு வயதுக் குட்டி கொத்தமல்லி ஆயட்டும், சங்குப்பூ இதழ் பிரிக்கட்டும். ஆறு, ஏழு வயதுக்குக் கிண்ணத்தில் கலர் கலக்குகிற வேலை. பத்து வயதுக்கு மேல் என்றால் பக்கத்தில் நீங்கள் நின்று, கரண்டியைக் கொடுக்கலாம். மார்கழி ஆயிற்றே, கல்லில் கோலம் போடச் சொல்லுங்கள்! கல்லை அதிகம் காயவிடாமல் எண்ணெய் தடவி, சிவப்பு மாவால் சின்ன ஸ்பூனில் நட்சத்திரமோ புள்ளிக் கோலமோ வரையட்டும். அது லேசாக வெந்ததும் மேலே வெள்ளை மாவை ஊற்றி மூடுங்கள். திருப்பி எடுத்தால் கோல தோசை. நட்சத்திரம் நண்டு மாதிரி வந்தாலும் பாராட்டிவிடுங்கள்.

அடுப்பைத் தரையில் வைத்துச் சுடாதீர்கள். பண்டிகை என்று நைலான் பாவாடையும் தொங்கும் துப்பட்டாவுமாக அடுப்பருகே விடாதீர்கள். பருத்திச் சட்டை போதும். ஒருவேளை கை சுட்டுவிட்டால், மாவைப் பூசாதீர்கள். இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், அப்போது பச்சிலையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கை, மூட்டுப் பக்கம் சுட்டிருந்தாலோ, குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு மேல் கொப்புளம் இருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

தொட்டுக்கொள்ள இனிப்பு கேட்பார்கள். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சுக்குத் தட்டிப் போட்டுப் பாகாகக் காய்ச்சி வையுங்கள். தேன் ஊற்றலாம்தான், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கலர் சேர்த்த மாவு மிஞ்சினால் ஃபிரிட்ஜில் ஏற்றி மறுநாளைக்கு வைக்காமல், அன்று ராத்திரிக்கே குட்டிக் குட்டியாகக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றி முடித்துவிடுங்கள்.