கை மரத்துப்போகிறதா?
வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று டிடிபி கடையிலும் இ-சேவை மையத்திலும் நாள் முழுக்கக் கீபோர்டு தட்டும் நேயர்களே! ராத்திரி தூக்கத்தில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய், கையை உதறினால்தான் சரியாகிறதா? மணிக்கட்டு வழியே போகும் நரம்பு நெரிபடுவதன் அறிகுறி அது. சுண்டுவிரலில் இந்த மரப்பு பொதுவாக வராது. தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

தட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். மவுசைக் கீபோர்டை ஒட்டியே வையுங்கள். இடையிடையே கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்குங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால், இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதே பலருக்கும் போதும். பிடி தளர்ந்து டம்ளர் நழுவத் தொடங்கிவிட்டதா? தாமதிக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள்.