அந்திச் சிவப்பும் மஃரிபின் நேரமும்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் காலிமுகத்திடலில் பின்னேரங்களில் நம்மவர் குடும்பங்களை நிறையவே காணலாம். 1859இல் அந்தக் கடலோர நடைபாதை பூர்த்தியானபோது, கொழும்பு நகரப் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைத் தேசாதிபதி ஹென்றி வோர்ட் கேட்டுக்கொண்டதாக அங்குள்ள கல் சொல்கிறது. ஆகவே சகோதரிகள் அங்கு போவதைக் குறைகூற நான் வரவில்லை. பிள்ளைகள் பட்டம் விடட்டும், இறால் வடையும் சாப்பிடட்டும். சூரியன் கடலில் இறங்கும்போது எல்லோர் கையிலும் தொலைபேசி உயர்கிறதே, அந்த நேரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

உயிரினங்களின் உருவம் பற்றி உலமாக்களிடையே விவாதம் உண்டு. வானையும் கடலையும் படம் பிடிப்பதற்குத் தடை சொல்வாரில்லை. அந்திச் செவ்வானத்தின் மீது அல்லாஹ்வே சூரத்துல் இன்ஷிகாக்கில் சத்தியமிட்டிருக்கின்றான். அதை நின்று பார்க்காதவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

சூரியத் தட்டு கடலைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய நம் நாட்டில் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் செல்லும். ஆனால் வானம் மிக அழகாகச் சிவப்பது அதற்குப் பிறகுதான். பாங்கு ஒலிப்பதும் அப்போதுதான். “இன்னும் ஒரு படம் உம்மா” என்று மகள் கெஞ்ச, உம்மாவும் நிற்கிறாள். பிறகு பஸ் பிடித்து, நெரிசலில் ஊர்ந்து தெஹிவளைக்கோ மாளிகாவத்தைக்கோ வந்து சேரும்போது இஷாவுக்குப் பாங்கு சொல்லியாகிவிடும்.

ஷாபிஈ மத்ஹபில் மஃரிபின் நேரம் அந்தச் சிவப்பு மறையும் வரைதான். இமாமவர்களின் புதிய கூற்றோ இன்னும் இறுக்கமானது: வுழூச் செய்து, ஆடை அணிந்து, பாங்கு, இகாமத் சொல்லி ஐந்து ரக்அத் தொழும் அளவு நேரமே அதில் உண்டு. இமாம் நவவி போன்றோர் பழைய கூற்றையே பலப்படுத்தியதால் நமக்குச் சிறிது தாராளம் கிடைத்தது. அந்தத் தாராளமும் நமது நாட்காட்டிகளின்படி சுமார் ஒன்றேகால் மணித்தியாலம்தான். படத்தில் நாம் தேடும் சிவப்பே தொழுகையின் கடிகாரமாக இருக்கிறது!

அசருக்குச் செய்த வுழூவைக் காத்துக்கொண்டு, பையில் ஒரு முஸல்லாவையும் வைத்துக்கொண்டால் இதில் சிரமமில்லை. தட்டு மறையுமுன் ஒரு படம் எடுங்கள், மறைந்ததும் தொழுதுவிடுங்கள். மூன்று ரக்அத் முடித்து எழும்பும்போதும் வானம் சிவந்தே இருக்கும், பெரும்பாலும் முன்னதைவிட அழகாக. பக்கத்தில் நிற்கும் அந்நியப் பெண்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதும் அமானிதம்தான். வட்ஸ்அப்பில் போன படம் எங்கெங்கு போகுமென்று யாருக்குத் தெரியும்?

கிப்லாவைத் தேடி அங்கே திண்டாட வேண்டியதுமில்லை. கொழும்பிலிருந்து அது மேற்கிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே, அதாவது கடலை நேராகப் பார்த்து நின்று சற்று வலப்பக்கம் திரும்பினால் போதும். ஜூன் மாதத்தில் சூரியன் மறையும் இடமே ஏறத்தாழ அந்தத் திசைதான். டிசம்பரில் அது வெகுதூரம் இடப்பக்கம் விலகி மறையும். அப்போது சூரியனைப் பார்த்து முஸல்லாவை விரித்துவிடாதீர்கள்.